பை எடை

அக்டோபர் ஒன்பது, விடியல், மூன்றாம் வலை:
ஒரு பொன்முடிக் குருவி
பதினேழு கிராம் என்கிறது பதிவு.
என் பேனாவைவிட இலேசான பறவை அது.
குந்தார்ஸ் தலையைச் சொறிகிறான்.
துணிப்பையோடு நிறுத்திருக்கிறான்,
பையைக் கழிக்க மறந்திருக்கிறான்.
அந்த விடியல் முழுக்க,
நானூற்றுப் பன்னிரண்டு தடவை.

பால்டிக் காற்று நிலையத்தின் கதவை இடிக்கிறது.
"பதினொன்றைக் கழித்துவிடேன், பைபா."

கழிக்கலாம்.
ஆனால் எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய நிரல்
எல்லாவற்றையும் டூப்பிளாக்கித்தான் தரும்.
நாளுக்குள் வலை, வலைக்குள் பறவை,
பறவைக்குள் வளைய எண், பெயர், எடை.
பிறை அடைப்புக்குள் பிறை அடைப்பு,
வானத்தில் ஒன்று போதாதென்று.

லிஸ்ட்டாக மாறு என்றேன்.
மாறியது.
சதுர அடைப்புக்குள்ளே நாட்கள் எல்லாம்
அதே பிறைகளில் சுருண்டு கிடந்தன.
வாசற்கதவைத் திறந்துவிட்டு
வீட்டையே திறந்ததாக நினைத்துக்கொண்டேன்.
எடையைத் தொட்டேன்.
இதில் மாற்றி எழுத இயலாது என்றது இயந்திரம்,
கோபமில்லாமல்.

அப்புறம் ஒரு சின்னச் சார்பு எழுதினேன்:
கையில் வந்தது எதையாவது உள்ளே வைத்திருந்தால்
திற.
உள்ளே இருப்பதைத் திறக்க
உன்னையே கூப்பிடு.

நாள் திறந்தது. வலை திறந்தது. பறவை திறந்தது.
வளைய எண்ணுக்குள் ஒன்றுமில்லை, அப்படியே நின்றது.
பெயர் திறந்தது:
முதல் எழுத்து.
எழுத்துக்குள் அதே எழுத்து.
அதற்குள்ளும் அதே.
ஆயிரம் படி இறங்கியபின்
இயந்திரம் கைவிரித்தது.
சொல்லை மட்டும் தொடாதே
என்று ஒரு வரி சேர்த்தேன்.

இப்போது எல்லாம் சதுரம், எல்லாம் இளக்கம்.
கழித்தேன்.
ஐந்து புள்ளி எட்டு, ஆறு, ஐந்து புள்ளி ஒன்பது
என்று வந்துகொண்டே இருந்தது,
ஏழாம் வலையில்
மைனஸ் ஐந்து புள்ளி நான்கு.
அந்த ஒன்றை மட்டும்
குந்தார்ஸ் சரியாக நிறுத்திருந்தான்.
கெடுத்தது நான்.

திறந்தபடி விடவும் முடியாது.
எங்கள் அகராதிக்கு இந்தப் பதிவுகள்தான் சாவி,
மாறக்கூடியதை அது சாவியாக ஏற்காது.
மூடும்போது உள்ளிருந்து வெளியே வரவேண்டும்:
பறவை, வலை, கடைசியில் நாள்.
வெளியே மட்டும் மூடினால்
பூட்டிய பெட்டி, அடியில் ஓட்டை.

"பழையதைத் திருத்திவிட்டாயா?"
"இல்லை. அது மாறவே இல்லை.
பதினேழு கிராமாகவேதான் இருக்கிறது.
அதன் பெயரைப் புதியதற்குக் கொடுத்துவிட்டேன்.
இனி யாரும் அதைக் கூப்பிடப் போவதில்லை,
தானாகப் போய்விடும்."
குந்தார்ஸ் கொஞ்ச நேரம்
தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் ஐந்தாம் வலையில் ஒரு பொன்முடி,
ஏற்கெனவே காலில் வளையத்தோடு.
எண்ணைப் படித்தான், கடைசியில் சுழியம் ஏழு மூன்று.
எனக்குத் தெரியும் அவளை.
என் திரையில் அரைமணி நேரம்
மைனஸில் இருந்தவள்.

பையோடு நிறுத்தான்.
பையை மட்டும் நிறுத்தான்.
சந்தேகத்துக்கு இன்னொரு முறை பையை நிறுத்தான்.
ஐந்து புள்ளி ஒன்று, மூன்றே நாளில்.
வளையத்தில் அதே எண்.

நான் புது வரி சேர்த்து முடிக்குமுன்
அவன் ஜன்னலோரம் போய்
விரல்களைத் திறந்தான்.