கழித்தல் பத்தொன்பது

ஔ-வில் தொடங்கும் ஊர் ஒன்று
உண்மையிலேயே இருக்கிறது: ஔலு, பின்லாந்தின் வடக்கே.
அங்கே ஜூன் மாதத்து இரவு பதினொன்றுக்கு
விளக்குப் போடாமல்
நிரல் எழுதிக்கொண்டிருந்தாள் இர்மெலி ரௌத்தியோ.

உறைந்த கடல்மேல்
தீவுக்கு வண்டி விடலாமா என்று சொல்லும் நிரல்.
ஒரே வரியில் கேட்க வேண்டும்:
முதலில் ‘பார்’,
பிறகு பனிக்கட்டியின் தடிமன்,
பிறகு காற்றின் வெப்பம்.

எங்கள் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும்.
அந்தக் கறுப்புத் திரையில் வினைக்குத்தான் முதல் மரியாதை.
எங்களுக்கு வேற்றுமை எட்டு,
இர்மெலியின் மொழிக்குப் பதினைந்து.
உருபு ஒட்டிய சொல்
எந்த மூலையில் போய் நின்றாலும்
தன் வேலையை மறப்பதில்லை.
திரைக்கு உருபு கிடையாது,
நிற்கும் இடம்தான் உறவு.
இரண்டு எண்கள் இடம் மாறி நின்றால்
தடிமன் குளிராகும், குளிர் தடிமனாகும்,
லாரி மூழ்கும்.

அதனால் கோடுகள் வைத்தாள்.
ஒற்றைக் கோட்டுக்குப் பின் ஓரெழுத்து:
-வ என்றால் விரிவாகச் சொல்,
-அ என்றால் அமைதியாக இரு.
அவசரக்காரர் ஒருவர் -வஅ என்று ஒட்டி எழுதினால்
புணர்ச்சி பிரிப்பதுபோல் பிரித்து
பின்னால் வந்ததற்குக் கீழ்ப்படி.
இரட்டைக் கோட்டுக்குப் பின் முழுச்சொல்.
சில சொற்களுக்கு அவாய்நிலை உண்டு:
--கோப்பு என்று நிறுத்தினால்
எந்தக் கோப்பு என்று வாய் திறந்தபடி நிற்கும்,
பக்கத்தில் எது வந்தாலும் விழுங்கும்,
அடுத்த கட்டளையைக்கூட.
அதற்கும் ஒரு காவல் போட்டாள்.
மிஞ்சியவை எச்சம்.

சோதித்தாள். 4. 11. 0.
எல்லாம் சரி.
கொசு கடிக்கிற மாதத்தில்
பூஜ்யத்துக்குக் கீழே ஓர் எண்
யார் நினைவுக்கு வரும்?

ஜனவரி.
கரையில் தகரக் குடில்.
வெய்யோ கெஸ்தி துளை போட்டு அளந்தாயிற்று,
முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
வெளியே ரொட்டி வண்டி, தபால் வண்டி,
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல்வலியோடு சைமி.
கையுறையைப் பல்லால் கழற்றி அடித்தார்:

பார் 38 -19

‘1 என்ற விருப்பம் எனக்குத் தெரியாது.’

மறுபடி படித்தார்.
குளிர் யாருடைய விருப்பம்?

கோடு கண்டால் கட்டளை,
அவ்வளவுதான் அதற்குச் சொல்லியிருந்தது.
கழித்தல் குறி என்று ஒன்று உண்டு,
இந்தக் கரையின் தெர்மாமீட்டர்
பாதி ஆண்டு அதற்குக் கீழேதான் குடியிருக்கும் என்று
ஜூன் சொல்லவில்லை.

கோட்டை எடுத்துவிட்டு 19 என்று அடித்தார்.
‘மூடு. பனி உருகுகிறது.’
மீசையில் உறைந்திருந்ததை
ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு
தொலைபேசியை எடுத்தார்.

‘திரும்பச் சொல்லுங்கள்’ என்றாள் இர்மெலி.
பின்னணியில் ஒரு குழந்தை
எதையோ கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தது.
மௌனம். ஒரு கெட்ட வார்த்தை.
‘வெறுமனே இரண்டு கோடு போடுங்கள்.
எழுத்து எதுவும் ஒட்டக் கூடாது.
ஓர் இடைவெளி. அப்புறம் உங்கள் குளிர்.’

ஆணைகள் இதோடு முடிந்தன,
இனி வருவது எந்த முகத்தோடு வந்தாலும்
அது அதுவே
என்று சொல்கிற குறி.
எனக்குத் தெரிந்த பேச்சில் அப்படி ஒன்று இல்லை.
பசிக்கிறது என்றால்
சமை என்று கேட்கிறது என் வீட்டில்.
களைப்பு என்றால்
போய்விடு என்று கேட்டிருக்கிறது, ஒருமுறை.

பார் 38 -- -19

‘திற.’

இருக்கைப் பட்டையை அவிழ்த்துவிட்டு
ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக வண்டிகள் இறங்கின.
சைமியின் கார்தான் முதலில்.

பிப்ரவரியில் நிரலைத் திருத்தினாள்:
கோட்டுக்குப் பின் இலக்கம் வந்தால் அது எண்.
சோதனைகளில் -1 முதல் -41 வரை வரிசையாக.
வெய்யோவுக்கும் எழுதினாள்,
இரட்டைக் கோடு இனித் தேவையில்லை என்று.

பதிவேட்டில், பென்சிலில், மார்ச் முழுக்க
அவர் எழுதியவை:
-- -11
-- -6
-- -8
ஏப்ரல் ஒன்பது, பாதையை மூடிய அன்று,
-- 3