மிச்ச வாஷர்

வலப்பக்கம் ஒடித்தால் டக் டக் டக்.
இடப்பக்கம் ஒடித்தால் ஒன்றுமில்லை.
பதினோரு நாள்
ரேடியோவை அதற்கு மேல் வைத்து ஓட்டினேன்.

தேன்கனிக்கோட்டையில் அமீர்ஜான் பட்டறை.
வண்டி வாசலில் திரும்பும்போதே
கல்லாவில் இருந்த ஷாகிரா சொன்னாள்:
"இடது ஷாஃப்ட். வெளி ஜாயிண்ட்."
"வலப்பக்கம் திரும்பினாத்தானே அக்கா சத்தம்?"
"வலப்பக்கம் திரும்பறப்ப
பாரம் எந்தக் காலுல நிக்கும்?"
இறங்கி, நின்ற இடத்திலேயே
உடம்பை ஒடித்துப் பார்த்தேன்.
இடது.

பின்னால் இருபத்திரண்டு மூட்டை ரேஷன் அரிசி,
பெட்டமுகிலாளத்துக்கு மேலே உள்ள ஊர்களுக்கு.
நேற்று மழை.
நாலு சக்கரமும் இழுக்காவிட்டால்
ஏழாவது வளைவில் செம்மண் விடாது.

சக்கரம் தரையில் இருக்கும்போதே
நடு நட்டைத் தளர்த்த வேண்டுமாம்.
ஸ்பானரில் ஆளுயரக் குழாயைச் செருகி
அதன் மேல் நானும் ஏறி நின்றேன்.
மூன்றாம் குதியில்
கெட்ட வார்த்தை மாதிரி ஒரு சத்தம். தளர்ந்தது.

பிறகு ஜாக்கி, ஸ்டாண்டு.
பிரேக் காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான் அமீர்ஜான்,
ஹோஸில் பாரம் விழக் கூடாது.
சுத்தியலால் அடித்தது பால் ஜாயிண்டை அல்ல,
அது உட்கார்ந்திருந்த இரும்பின் கன்னத்தை.
நக்கிள் சாய்ந்து வழிவிட்டது.
உள்ளே ஒரு நெம்பு.
ஷாஃப்ட் வந்தது, பின்னோடு
அரை டம்ளர் கியர் ஆயில்,
களிக்கு ஊற்றும் புளிக்குழம்பு நிறத்தில்.

ரப்பர் பூட்டில் ஒரு விரல் நீளக் கிழிசல்.
அவ்வளவு வாசல் போதும்
ஒரு மலை உள்ளே போக.
கிரீஸைத் தொட்டுத் தேய்த்தேன்.
அய்யூர் மண்ணா, அதற்கும் மேலா,
எந்த மழையில் ஏறியது,
விரலுக்குத் தெரியவில்லை. நறநறத்தது.

"வலதையும் உருவிடலாம். அதுவும் பழசு."
எவ்வளவு ஆகும் என்று கேட்காமல்
மூட்டைகளைப் பார்த்தேன்.
ஷாகிராவும் பார்த்தாள்.
"வலதுக்குப் பூட் மட்டும் போடு.
மீதியைத் தீபாவளிக்குப் பாக்கலாம்."

இரண்டையும் சாக்கில் கிடத்தியபோது
வலது ஒரு சாண் நீளம்.
ஆறு வருடமாக ஓட்டுகிறேன்,
இரண்டும் ஓரளவு என்றே நினைத்திருந்தேன்.
நடுவில் இல்லையாம் முன் டிஃபரென்ஷியல்,
இடப்பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது.
வண்டி நேராகத்தான் போகிறது.

புது சர்க்கிளிப். சீலின் உதட்டில்
விரலால் தொட்டு வைத்த ஆயில்.
பல்லுக்குப் பல் தேடி, லேசாகத் திருப்பி,
ஒரே தள்ளு.
அது பூட்டிக்கொண்டதை
உள்ளங்கையில்தான் கேட்டேன்.
அமீர்ஜான் இழுத்துப் பார்த்தான். வரவில்லை.
சக்கரம் தரை தொட்ட பிறகு நட்டுக்கு முழு முறுக்கு,
அதன் குறுக்கே புது ஊசி, வால் இரண்டும் மடக்கி.

மணி எட்டே கால்.
சாக்கில் ஒரு வாஷர் மிச்சம்.

மூவரும் அதைப் பார்த்தோம்.
"இது நம்மளுது இல்ல," என்றான்.
"அப்ப யாருது?" என்றாள்.
பீடியை அணைத்துவிட்டு
மறுபடி ஜாக்கியை உருட்டினான்.

இரு பக்கமும் பிரித்து,
டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எண்ணினோம்.
எல்லாம் அதனதன் இடத்தில்.
எங்கோ ஒரு வண்டி
இது இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.
"வெச்சுக்க," என்றான்.
இரண்டாம் தடவை பிரித்ததற்குக் கூலி சொல்லவில்லை.
சாப்பாடு ஆறிப்போனதற்கு
ஷாகிரா என்னைத்தான் திட்டினாள்.

விடிகாலை. ஏழாவது வளைவு. வலப்பக்கம்.
ரேடியோவை அணைத்தேன்.
கியர் இறக்கி மெல்ல ஒடித்தேன்.
செம்மண் பிடித்தது.
டக் இல்லை.
இன்னும் ஒடித்தேன். இல்லை.
பிறகு,
ணிங்.

வயிறு கலங்கிப்போனது.
பார்த்தால், டாஷ்போர்டில்
பிள்ளையார் பக்கத்தில் வைத்திருந்த வாஷர்
சறுக்கிப் போய்
இடது ஓரத்தில் முட்டி நிற்கிறது.