ஒலி அணைந்திருந்த நாற்பது நிமிடம்

நூலகத்தின் கீழ்த்தளத்தில் என் மேசை.
தலைக்கு மேல் ‘கணினி உதவி’ என்றொரு பலகை,
காலடியில் மழைக்கோட்டுகள் சொட்டும் வாளி.
வால்டிவியாவில் ஜூலை மழை
நிற்பதில்லை,
இளைப்பாறும்.

ஆய்வேட்டைக் காணோம் என்று பல்தசார் வருவான்.
கோப்பின் பெயரென்ன?
‘கடைசி.’
தேடினால் ஏழு கிடைக்கும்:
கடைசி, கடைசி2, இதுதான் கடைசி,
சத்தியமாகக் கடைசி.
பெயரில் தேதியைப் போடு தம்பி.
ஒரு பிரதி மடிக்கணினியில்,
ஒன்று மேகத்தில் (இந்த ஊரில் மேகத்துக்கா பஞ்சம்),
இன்னொன்று உன் சட்டைப்பை தவிர வேறெங்காவது.
ஆற்றங்கரைச் சந்தையில் மீன் வாங்கக் குனிந்து
பென்டிரைவைத் தண்ணீருக்குக் கொடுத்தவன் அவன்தான்.
கடற்சிங்கம் ஒன்று முகர்ந்து பார்த்துவிட்டு
வேண்டாமென்று போனதாம்.

வேதியியல் துறை எவரிஸ்தோ
கடவுச்சொல்லை மஞ்சள் தாளில் எழுதி
திரையின் நெற்றியில் பொட்டாக ஒட்டியிருந்தார்.
எடுத்துவிடுங்கள் என்றேன்.
எடுத்தார்.
விசைப்பலகைக்கு அடியில் ஒட்டினார்.

இப்படிப் போகிற நாட்களில் ஒரு செவ்வாய்.
பேராசிரியை லெயோந்தினா ஒயார்சுன்
குடையை மடக்காமலே படியிறங்கி வந்தார்.
ப்ரொஜெக்டர் வயர் கேட்பார் என்று
இழுப்பறையைத் திறந்தேன்.

பாதையில் வெள்ளம், அதனால் வகுப்பு வீட்டிலிருந்து.
ஆறு வண்டலை எப்படிச் சுமக்கிறது,
எங்கே இறக்கி வைக்கிறது என்று
நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார்.
மைக்கின் மேல் சிவப்புக் கோடு.
முப்பத்தொரு பேர் எழுதியிருக்கிறார்கள்:
கேட்கவில்லை.
ப்ரொஃபே, கேட்கவில்லை.
அரட்டைப் பெட்டி படங்களுக்குப் பின்னால் கிடந்தது.
யாராவது போனில் கூப்பிட்டிருக்கக் கூடாதா?
கூப்பிட்டார்கள்.
பாடத்துக்கு இடைஞ்சல் கூடாதென்று
அதையும் அணைத்து வைத்திருந்தார்.

“பதிவிலிருந்து குரலை மீட்க முடியுமா?”
பதிவில் இருப்பது உங்கள் முகம் மட்டும்.
குரல் உள்ளே போகவே இல்லை.
வசன வரிகளும் காலி,
கேளாததை இயந்திரம் எப்படி எழுதும்?
ஒன்றும் பேசாமல்
குடையிலிருந்து வழிந்த நீரைக் காலால் ஒதுக்கினார்.

மறுநாள் வகுப்பில் குறிப்பொன்று சுற்றியது.
பதினோரு பக்கம்.
நீரின் வேகம், வளைவின் உட்கரை,
இரண்டாவது பக்கத்தில் அவர் சொல்லி
யாரும் சிரிக்காத ஒரு நகைச்சுவை உட்பட.
எழுதியவள் மிஜராய் வென்சுலாஃப்.
நாலு வயதிலிருந்து
காது கேளாதவள்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
அன்று சங்கில் காற்றே இல்லை.
கேட்டவள் அவள் ஒருத்திதான்.

வியாழன் காலை என் மேசைக்கு வந்தாள்,
காபி கொட்டி ஒட்டிக்கொண்ட விசையோடு.
பஞ்சும் சாராயமும் எடுத்துத் துடைத்தபடி
எப்படி என்று கேட்டேன்.
மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி
அந்த ஒரு எழுத்து மட்டும் விட்டுவிட்டுத் தட்டினாள்:

பாதி உதடு. கால்வாசி புத்தகம். மீதி ஊகம்.
அறையில் எப்போதும் பலகையிடம் பேசுவார்.
பலகை அவருக்கு நல்ல மாணவி.
அன்றைக்கு வானம் இருட்டு,
மேசைவிளக்கை முகத்துக்கு நேராக வைத்திருந்தார்.
இந்த வருஷத்தில்
அவர் முகம் முழுசாகக் கிடைத்தது
அந்த நாற்பது நிமிடம்தான்.

சுவரில் நான் ஒட்டிய தாள் ஒன்று உண்டு.
‘மைக்கைப் பார். பிரதி எடு. கடவுச்சொல்லை ஒட்டாதே.’
யாரும் படிப்பதில்லை.
கீழே ஒரு வரிக்கு இடமிருந்தது, எழுதினேன்:
‘வெளிச்சம் உன் முகத்தில் விழட்டும்.’
எழுதியதும் பிரசங்கம் போல் இருந்தது.
அடித்துவிடலாமா என்று பேனாவைத் தேடும்போது
படியில் குடை.

இம்முறை மடக்கியிருந்தது.
லெயோந்தினா கேட்டது
ப்ரொஜெக்டர் வயர் அல்ல.
நீட்டிப்பு வயர், மூன்று மீட்டர்.
அக்குளில் இடுக்கியிருந்தார்
வீட்டு மேசைவிளக்கை.