சந்திக்க வேண்டியவர்

சூளகிரி தாண்டி, தொழிற்பேட்டையின் மூன்றாம் வாயிலில்
ஒரு படிவம் கொடுத்தார்கள்.
பெயர். வண்டி எண். மடிக்கணினி உண்டா.
சந்திக்க வேண்டியவர்.

ருத்ரப்பா என்று எழுதினேன்.
எந்த டிபார்ட்மெண்ட் என்றான் காவலாளி,
ஒடிசாப் பையன், மீசை இன்னும் முழுதாக வரவில்லை.
மண், என்றான் கங்காதரண்ணன்.
பையன் கணினியில் தேடினான். கிடைக்கவில்லை.

மேலாளர் கடிதத்தைக் காட்டினோம்:
வருடத்துக்கு ஒருநாள், பத்து முதல் பன்னிரண்டு வரை,
எட்டுப் பேருக்கு மிகாமல், தீ மூட்டக் கூடாது.
ஒன்பது பேர் வந்திருந்தோம்.
அத்தை மருமகன் யாரும் சொல்லாமலே
டீக்கடைப் பக்கம் நடந்தார்.

மஞ்சள் ஹெல்மெட், ஒளிரும் மேல்சட்டை,
இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ்.
சிக்கம்மாவின் கொண்டை ஹெல்மெட்டுக்குள் அடங்கவில்லை;
அவிழ்த்தாள், பூவை என் கையில் திணித்தாள்.
வில்வம், விபூதி, களி உருண்டை, அவரைக்கொட்டைக் குழம்பு
எல்லாம் எக்ஸ்ரே பெட்டிக்குள் போய் வந்தன.
தூக்குச்சட்டிக்குள் கரண்டி என்னவோ போலத் தெரிந்ததாம்.
திறந்து காட்டினோம். வாசனைக்கு
பையன் ஒரு நொடி கண்ணை மூடினான்.

கெம்பனதொட்டி இங்கேதான் இருந்தது.
இங்கே என்றால், பெயின்ட் ஷெட்டுக்கும் கேன்டீனுக்கும் நடுவே
எங்கேயோ. நாற்பத்தோரு வீடு.
நான் பார்த்ததில்லை. நான் பிறந்தது பாகலூர் ரோட்டில்,
நஷ்டஈட்டுப் பணத்தில் எழும்பிய வீட்டில்.
ஏக்கம் என்று பொய் சொல்ல மாட்டேன்.
அப்பா கையெழுத்துப் போட்ட அன்று
பேனாவை அவர்களே கொடுத்தார்கள், திரும்பக் கேட்கவில்லை.
என் பள்ளிக்கூடப் படிவத்தை அதில்தான் நிரப்பினார்.

வயல் போனது, கிணறு போனது, கோயிலுக்கும் ஒரு விலை வந்தது.
மயானம் புறம்போக்கு, இருபது சென்ட்.
விற்க எங்களில் யாருக்கும் உரிமை இல்லாததால் மிஞ்சியது.
இப்போது சுற்றிலும் கம்பிவேலி. உள்ளே
கம்பெனி வளர்க்கும் புல்.

எங்களில் இறந்தவரைப் படுக்க வைப்பதில்லை.
சம்மணமிட்டு, இடது உள்ளங்கையில் லிங்கம்,
கழுத்துவரை விபூதி, வில்வம், பிறகு மண்.
எல்லோரும் உட்கார்ந்தே இருக்கிறார்கள்,
யாரோ கூப்பிடுவார்கள் என்பதுபோல.

கால் மரத்துப் போகாதா?
அண்ணன் மகள் கேட்டாள்.

புளியமரத்துக்குக் கிழக்கே பசம்மா,
அவளுக்கு இரண்டடி தள்ளி ருத்ரப்பா.
நோட்டில் அப்படித்தான் இருக்கிறது.
புளியமரம்தான் இல்லை.
விளக்குக் கம்பம்தான் மரம் நின்ற இடம் என்றான் அண்ணன்.
இல்லை, தண்ணீர்த் தொட்டி என்றாள் சிக்கம்மா.
நோட்டில் பதினேழு. எண்ணினால் பதினாறு மேடு.
மறுபடி எண்ணினோம். பதினாறு.
ஒருத்தர்மேல் நின்றுகொண்டு சண்டை போடுகிறோமோ என்று
நான்தான் சொன்னேன்; எல்லோரும் சட்டென்று நகர்ந்தோம்,
நகர்ந்த இடம் மட்டும் யாருடையதாம்?

சிக்கம்மா பூட்ஸைக் கழற்றினாள்.
மேடம், ஷூ, என்றான் கூட வந்த பையன்.
அவள் காதில் வாங்கவில்லை.
அவன் திரும்பி மதில் சுவரைப் பார்க்கத் தொடங்கினான்,
வெறும் சுவர், ரொம்ப நேரம்.

கற்பூரத்தைக் கொளுத்தாமல் வைத்தோம்.
களியைப் பதினேழாகக் கிள்ளிக்கொண்டிருந்தபோது
புல்லுக்குள்ளிருந்து சீறியது தண்ணீர்.
பதினொன்று முப்பதுக்கு டைமராம்.
நோட்டு நனைந்தது, குழம்பு நிறைந்தது,
விபூதி நெற்றியிலிருந்து மூக்குக்கு வழிந்தது.
மேடு, மேடில்லாத இடம், கம்பம், தொட்டி,
எல்லாவற்றின்மேலும் சுற்றிச் சுற்றி ஊற்றியது.
அண்ணன் மகள் கத்திக்கொண்டு ஓடினாள்,
பின்னாலேயே சிக்கம்மா, அறுபத்தெட்டு வயது,
தலையில் மஞ்சள் ஹெல்மெட்.

வெளியே வரும்போது சீட்டில் ஒரு கட்டம் காலி.
சந்தித்தவர் கையொப்பம்.
அது இல்லாமல் விட முடியாது என்றான் பையன்.
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
சீட்டை வாங்கி அவனே போட்டான்,
வட்ட வட்டமாக, எங்களில் யாருக்கும்
வாசிக்கத் தெரியாத எழுத்தில்.

டீக்கடையிலிருந்து மருமகன் எழுந்து வந்தார்.
எப்படி இருக்காங்க எல்லாரும்?
புடவை முந்தியைப் பிழிந்தபடி
ஈரமா இருக்காங்க, என்றாள் சிக்கம்மா.