கண் மூடி முப்பது விநாடி

காலணியைக் கழற்றுங்கள் என்றேன்.
காலுறையையும்.
வில்னிஸ் குனியவில்லை.
ஒரு குதிகாலால் மறு குதிகாலை அழுத்தி
உரித்துப் போட்டார்,
அவித்த கிழங்கின் தோலைப் போல.

லீபாயாவில் காற்று ஓய்ந்த நாள் அபூர்வம்.
அன்றும் சன்னல் முனகிக்கொண்டிருந்தது.
தட்டின் மேல் ஏறினார்.
சாம்பல் நிறத் தட்டு, வீட்டு எடைக்கருவியைவிடச் சற்றே பெரிது.
இது எடையைச் சொல்லாது;
எடை எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது
என்று சொல்லும்.

கண்ணை மூடுங்கள். முப்பது விநாடி.

திரையில் சிவப்பு நூல் ஓடியது.
நிற்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம்.
விழத் தொடங்கி
விழுவதை ஒத்திப்போட்டு
மறுபடி விழத் தொடங்குகிறோம், அவ்வளவுதான்.

முதுகை அறுப்பதற்கு முந்தின வாரம்
அவர் வரைந்தது பூனை கலைத்த நூல்கண்டு.
ஆறாம் வாரம் பாதி சிக்கு எடுபட்டிருந்தது.
இன்று, ஆறாம் மாதம்,
ஒரு பட்டாணி.

டாக்டர் ஸ்ட்ராஸ்தின்யா எட்டிப் பார்த்து
கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்.

வினாத்தாளில் வலிக்கு நேரே
வில்னிஸ் வட்டமிட்டிருந்தது ஏழு.
போன தடவையும் ஏழு.
அதற்கு முன்பும்.

தட்டு பொய் சொல்கிறதா, தாளா?
இந்த முறை திரையை விட்டு அவரைப் பார்த்தேன்.
கால்விரல்கள் தட்டைக் கவ்வியிருந்தன.
தாடை இறுகியிருந்தது.
மூச்சு கழுத்தெலும்புக்குக் கீழே இறங்கவே இல்லை.
உடம்பைப் பூட்டிவிட்டுச்
சாவியை விழுங்கியிருந்தார் மனிதர்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்,
சத்தமாக, கண்ணைத் திறக்காமல்.
தொண்ணூற்று மூன்று.
எண்பத்தாறு.
எழுபத்தொன்பது.
எழுபத்து…
ஒன்று?
"பள்ளிக்கூடத்திலும் இதே இடத்தில்தான் அடி வாங்கினேன்."
சிரித்தார். சிரிப்பு இடுப்பு வரை இறங்கிற்று.
பட்டாணி முளைவிட்டது.
பரப்பு இரண்டு மடங்கு.
எந்த அட்டவணையை எடுத்தாலும் அது பின்னடைவு.

இப்போது வலி எவ்வளவு?
"நாலு இருக்கலாம்.
கணக்கில் இருந்தேன், கவனிக்கவில்லை."

முப்பத்தோரு வருடம்
துறைமுகப் படகில் கயிறு வீசியவர்.
வில்னிஸ் என்றால் லாத்விய மொழியில் அலை.
வைத்தவர்கள் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

படிவத்தில் ஒரு கட்டம்தான், ஓர் எண்ணுக்குத்தான் இடம்.
இரண்டையும் எழுதி நடுவே சாய்கோடு போட்டேன்.
டாக்டர் திட்டுவார்.
திட்டட்டும்.

கிளம்பும்போது ஒரு படம் கேட்டார்.
பட்டாணியை அச்செடுத்து நீட்டினேன்.
வேண்டாமாம்.
அது, என்று முதல் நாள் நூல்கண்டைக் காட்டினார்.
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து
தலையைச் சாய்த்துப் படித்தார்:
"தென்மேற்குக் காற்று.
இந்த நாளில் நான்கூடப் படகை எடுத்திருக்க மாட்டேன்."

நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
வெறுங்காலைக் காலணிக்குள் நுழைத்து
நடந்தார்.
காலுறைகள் இரண்டும்
தட்டின் ஓரத்திலேயே கிடந்தன.