ஒட்டுசுட்டான், ஏழாவது ஆள்

பால் சேகரிப்பு நிலையம். காலை எட்டரை.
யோகமலரின் கையில் எங்கள் மாதிரிச் செயலி.
"உங்களை இல்லை அக்கா, உதைத்தான் சோதிக்கிறன்"
என்று சொல்லித்தான் தொடங்கினேன். ஆனாலும்
பிழைத்த ஒவ்வொரு தரமும்
"எனக்குத்தான் விளங்கேல்ல" என்றாள்.

லீற்றர் எழுதும் பெட்டியைக் கண்டுபிடிக்கப் பதினெட்டு செக்கன்.
கொழுப்பு வீதத்தில் விரல் அந்தரத்தில் நின்றது.
பச்சைப் பொத்தானைக் கடந்து போய்
இரண்டு தரம் திரும்பி வந்தாள்.
பால்கானின் விளிம்பில் ஈ. அதையும் குறித்துக்கொண்டேன்.

பிறகு திரை கேட்டது:
நீங்கள் இருக்கும் இடத்தை அறியலாமா?

வேண்டாம்.

அரைச் செக்கன்கூட இல்லை.
கேள்வியை வாசித்து முடித்தாளோ தெரியாது.

உளவியல் படித்த நாளில், இருட்டறையில்,
விளக்கு எரிந்ததும் விசையை அழுத்தச் சொல்லி
எத்தனையோ விரல்களை அளந்திருக்கிறேன்.
ஒருவருக்கும் இந்த வேகம் இல்லை.

ஏன் என்று கேட்பதுதான் என் வேலை.
வாயைத் திறந்தேன்.
"கான் கழுவோணும்" என்று எழும்பிவிட்டாள்.

கொழும்புக்கு எழுதினேன்:
ஏழு பேரில் ஏழு பேரும் மறுப்பு.
காரணம் என்ற கட்டத்தில்
'கேட்க வேண்டாம்.'

இது காரணமா, பரிந்துரையா என்று
மறுநாளே பதில் வந்தது.
இன்னும் திறந்தபடி இருக்கிறது, பதில் எழுதும் பெட்டி.