பெயர் இருந்த இடம்

மழைக்குக்கூடத் துணிக்கடைப் பக்கம் ஒதுங்காதவள் நான்.
அன்று ஒதுங்கினேன்.

டொலீடோ, லாக்ரேஞ்ச் தெரு.
இறந்துபோன யாரோ ஒருவரின் வீடு.
சாமான்கள் ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு,
கரண்டிகளில்கூட.
வாசலில் பணப்பெட்டிக்குக் காவலிருந்த பையன்
சூயிங்கத்தை ஒரு கன்னத்துக்குத் தள்ளி
"துணியெல்லாம் மாடியில்" என்றான்.

நாற்பத்து மூன்று வயதுவரை
எனக்கு உடுத்தத் தெரிந்ததில்லை.
உடுத்திவிட்டார்கள்.
அக்காள் மார்லீனுக்குச் சிறுத்துப்போனவை முதலில்.
பிறகு மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் பச்சைச் சீருடை.
கல்யாணத்துக்கு மாமியார் எடுத்தது.
விவாகரத்துக்கு வக்கீல் சொன்னது:
சாம்பல் நிறம், காது தெரியக் கொண்டை.

அலமாரியைத் திறந்தால் அந்துருண்டை வாசம்.
பக்கவாட்டில் உலோக ஜிப் வைத்த கவுன்கள்,
தையலின் உட்புறம் தொழிற்சங்கச் சீட்டு.
யாரோ ஒருத்தி கூலி பேசி வாங்கித் தைத்திருக்கிறாள்,
கோணாமல்.
செர்ரிப்பழம் அச்சிட்ட ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்.
பதினாறு என்றது சீட்டு.
அந்தக் காலத்துப் பதினாறுக்கு
என் இடுப்பை அடையாளம் தெரியவில்லை.
பாதி ஏறிய ஜிப்போடு கண்ணாடிமுன் நின்றேன்,
பழைய பத்திரிகை விளம்பரத்தில்
ஃப்ரிட்ஜைத் திறந்துகாட்டிச் சிரிக்கும் பெண்போல.
சிரிப்பு மட்டும் வரவில்லை.

கழற்றும்போதுதான் பார்த்தேன்,
கதவுக்குப் பின்னால், ஆணியில்.
பௌலிங் சட்டை.
மயில்கழுத்து நிறம்,
அகலக் காலர், பெட்டிபோல நேர்வெட்டு,
முதுகில் சங்கிலித் தையலில் ஒரு பிளம்பிங் கம்பெனி,
நெஞ்சில் சிவப்பு நூலில்
வெண்டல்.
பையில் சுண்டுவிரல் நீளப் பென்சில்,
யார் எத்தனை சாய்த்தார்கள் என்று
குறித்துக் குறித்துத் தேய்ந்தது.

போட்டேன்.
எந்தப் பட்டனும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.
மூன்று டாலர்.

திங்கள்கிழமை பேக்கரியில்
"வெண்டல், காபி ரெடி!"
கை தூக்கினேன்.
சலவைக்கூடத்தில் ரூத்தான் சிரித்துச் சிரித்து
மடித்த போர்வைகள்மேல் விழுந்தாள்.
வியாழன், பஸ் நிறுத்தம்.
கம்பளிக் குல்லா போட்ட ஒருவர் என் நெஞ்சையே பார்த்தார்.
முறைப்பதற்குள்
"வெண்டல் எனக்குப் பதினோரு டாலர் தரணும்" என்றார்.

கொடுக்கவில்லை.
பேரை இரவல் வாங்கினால்
கடனும் கூடவே வரும் என்று
அந்தப் பையன் சொல்லவில்லையே.

அன்றிரவு சமையலறை விளக்கடியில்
சவர பிளேடால் பிரித்தேன்.
சிவப்புப் பிசிறுகள் மேசையில் கூடின.
கடைசி நூலை ஊதிவிட்டுப் பார்த்தால்
பெயர் போகவில்லை.
நூலுக்கடியில் வெயில் படாத துணி
வாங்கிய நாளின் நிறத்தில் அப்படியே.
வெளுத்த மயில்கழுத்தின் நடுவே
அடர்ந்த மயில்கழுத்தாக
வெண்டல்.

துணி வெளுப்பது என் பிழைப்பு.
இதையும் வெளுக்கத் தெரியும்.
டப்பாவின் மூடியைத் திறந்தேன்.
முகர்ந்தேன்.
மூடினேன்.

உன் பெயரைத் தைத்துக்கொள் என்றாள் ரூத்தான்.
பெர்னடீன் என்று நீட்டி முழக்கினால்
அக்குள்வரை போகும்.
வேண்டாம்.

இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில்
வேண்டுமென்றே ஒதுங்குகிறேன், வானம் வெளுத்திருந்தாலும்.
முதலில் பைக்குள் கைவிடுவேன்;
மணிக்கட்டுவரை போகவேண்டும்.
காலர் தானாக நிற்கவேண்டும்.
என்னைச் சிரிக்கச் சொல்லக்கூடாது.
அப்படிச் சேர்ந்தவை நான்கு:
ஒரு மெக்கானிக்கின் ஜாக்கெட்,
கோடுபோட்ட ரயில்வே கால்சட்டை,
இரண்டு சட்டைகள், பெயரில்லாதவை.
மார்லீன் போனவாரம்
ஜாக்கெட்டின் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்,
"எனக்குச் சேருமா?"
சேராது என்றேன்.
சொல்லிவிட்டு எனக்கே ஆச்சரியம்.

நேற்று அதே நிறுத்தம், அதே குல்லா.
நூலில்லாத நெஞ்சை
எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"ஒன்பதுதான் இருக்கும்" என்றார், குரலைத் தணித்து.

பஸ் வந்தது.
அவருக்கும் சேர்த்துச் சில்லறை போட்டேன்.